கேடயத்துக்குப் பயந்த கண்டக்டர்

கண்டக்டருக்கு ஓய்வு கொடுத்தபோது சீருடையையும் தோள்பையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், தொண்டையை மட்டும் ஏனோ வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள் என்று அவர் மனைவி சொல்வாள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். அந்த அம்மாளுக்கு வீட்டு முன்னறையில் ஒரு தையல் இயந்திரம் உண்டு. கால்சட்டை ஓரம் மடிப்பது, இடுப்பைப் பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது என்று காலையிலிருந்து கடகடவென்று ஓடும். தெருவில் அவளுக்குத் தையலம்மா என்றே பெயர். அந்தக் கடகடப்பையும் தாண்டி வாசலில் நிற்பவர் காதில் விழுகிற குரல் என்றால் அது எப்பேர்ப்பட்ட குரலாக இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மனுஷருக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. ரகசியம் சொல்கிறேன் என்று காதோரம் வாயைக் கொண்டுவருவார், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து "அப்படியா!" என்பார். பஸ்ஸின் பின்படியில் நின்று "ரைட்!" என்று ஒரு சத்தம் கொடுத்தாரானால் முன்னால் இருக்கிற டிரைவர் விசிலுக்காகக் காத்திருக்க மாட்டார். அதனால் பயணிகள் அவருக்கு வைத்த பெயரே 'ரைட்டு'தான். தையலம்மாவும் ஒரு காலத்தில் அவருடைய பயணிதான். ஒரு துணிக்கடையில் தைக்கிற வேலை முடிந்து சாயங்கால பஸ்ஸில் ஏறுவாள், ஏறின கையோடு தூங்கிவிடுவாள். அவள் இறங்குகிற நிறுத்தம் வரும்போது மட்டும் அந்தக் குரல் எப்படியோ இறங்கி, "இந்தாங்க, உங்க எடம் வந்துடுச்சு" என்று பதமாக எழுப்பும். ஊரையே அதட்டுகிற ஆள் தன்னிடம் மட்டும் இப்படிப் பேசுகிறாரே என்று ஒருநாள் யோசித்துவிட்டாள். அந்த யோசனைதான் கல்யாணத்தில் போய் முடிந்தது. கல்யாணமான மறுநாளிலிருந்து அந்தப் பதமான குரல் எங்கே போயிற்று என்று இன்றுவரைக்கும் தேடுகிறாளாம்.

இதெல்லாம் அவள் கேலியாகச் சொல்கிற கதை. சொல்லாத கதை ஒன்று உண்டு.

கண்டக்டரை ஓய்வில் அனுப்பிய அன்று பணிமனையில் மேடை போட்டார்கள். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள், கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள், கைதட்டினார்கள். மறுநாள் காலை மனுஷர் வழக்கம்போல் இருட்டோடு எழுந்து குளித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். முதல் சில நாள் தையலம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டில் இப்படி ஒரு அமைதி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. பிறகு மெல்ல மெல்ல அந்த அமைதியே பயமாகிவிட்டது. சாப்பிடுங்கள் என்றால் சாப்பிட்டார். படுங்கள் என்றால் படுத்தார். சத்தமில்லாமல் டி.வி. ஓடும், அதையும் பார்க்கிறாரா அதற்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறாரா என்று தெரியாது. மாதக்கணக்காக அப்படி. தைக்கத் துணி இல்லாத நேரத்திலும் அவள் வெறும் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டுமே என்று. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததும் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் கேட்டதில்லை.

அவரை மீட்டது பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தா. தையலம்மா சர்க்கரை பார்க்கப் போனாள், துணைக்கு வாருங்கள் என்று அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். லிஃப்ட் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மா. தள்ளிக்கொண்டு வந்த ஆள் எங்கோ போய்விட்டான். வராந்தா முழுக்க ஜனம், நகர வழியில்லை. அந்த அம்மாவோ "எக்ஸ்ரே மூடிடுவாங்களே, எக்ஸ்ரே மூடிடுவாங்களே" என்று முனகிக்கொண்டிருக்கிறாள். கண்டக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் அந்த வாய் திறந்தது.

"வழி விடுங்க, வழி விடுங்க! நடுவுல நிக்காதீங்க, உள்ள தள்ளிப் போங்க! உள்ள எடம் இருக்கு சார், காலியாத்தான இருக்கு!"

அத்தனை ஜனமும் ரெண்டு பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றிருந்த தையலம்மா நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரத்தம் எடுக்க வந்த பெண், "பயப்படாதீங்கம்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றாள். பயமா! அவளுக்கு அன்றைக்கு ஊசி குத்தியதே தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து கண்டக்டர் ஆஸ்பத்திரியே கதி என்று ஆனார். தொண்டர்களுக்குத் தருகிற நீல மேல்சட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அது தோளில் லூஸாகத் தொங்கியது, தையலம்மாதான் பிடித்துக் கொடுத்தாள். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, ஒரு டீ மட்டும் உண்டு. காலையில் போனால் மத்தியானம் தாண்டித்தான் வீட்டுக்கு வருவார், வரும்போதே வாசலிலிருந்து கதை ஆரம்பித்துவிடும். அவள் "ஐயோ, காது போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். உள்ளுக்குள் அவள் மனசு குளிர்ந்துபோயிருக்கும்.

வண்டி தள்ளுவது என்ன பெரிய வித்தையா என்று கேட்பீர்கள். அவர் தள்ளுகிற விதம் வேறு. நாற்காலியில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டால் போதும், உலகத்தில் எல்லோரும் அந்த ஆளின் தலைக்கு மேலேதான் பேசுவார்கள். "அவருக்கு எங்க வலி?" என்று பின்னால் நிற்கிற மகனைக் கேட்பார்கள். "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று மருமகளைக் கேட்பார்கள். உட்கார்ந்திருப்பவர் ஏதோ பெட்டி படுக்கை மாதிரி. கண்டக்டருக்கு அது ஆகாது. டிக்கெட் எங்கே என்று பயணியைத்தானே கேட்க வேண்டும், பக்கத்து சீட்டுக்காரரையா கேட்பது? அதனால் வண்டியைத் தொடுவதற்கு முன் முன்பக்கம் வருவார், முட்டி போட்டுக் குனிந்து, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, "எங்க போகணும்?" என்று கேட்பார். அந்தக் குரலில் அப்போது அதட்டல் இருக்காது. பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். வாய் குழறுகிறவர்கள், காது கேட்காதவர்கள், எங்கே போகணும் என்றே மறந்துபோனவர்கள் எல்லோருக்கும் அதே கேள்வி, அதே பொறுமை. அப்புறம் "ரைட்!" வண்டி கிளம்பிவிடும். "ரத்தப் பரிசோதனை! கண் பிரிவு! எலும்பு, எலும்பு, எலும்பு எறங்கு!" என்று வழியெல்லாம் நிறுத்தம் சொல்லிக்கொண்டே போவார். வலியோடு வந்தவர்களும் சிரித்துவிடுவார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிவது, எத்தனை முறை நிமிர்வது? முட்டி என்ன இரும்பா? சில வருஷத்தில் வலது முட்டி கடகடக்க ஆரம்பித்தது. கண்டக்டர் அதை யாருக்கும் காட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்ப்பார். தைலத்துக்கு வாசனை உண்டு என்பதும், வீட்டில் இருப்பவளுக்கு மூக்கு உண்டு என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டினா என்ன சொல்லுவான்? வீட்டுல உக்காருன்னு சொல்லுவான். நீ வாயத் தொறக்காத. யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவளும் மூச்சு விடவில்லை. வீட்டில் உட்கார் என்ற சொல்லுக்கு அவரைவிட அவள்தான் அதிகம் பயந்தாள்.

நிலைமை இப்படி இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஒரு புது நிர்வாக அதிகாரி வந்தார். நல்ல பெண்மணி, பொய் சொல்லக் கூடாது. நடக்கும்போதே கீழே கிடக்கிற பஞ்சைக் குனிந்து எடுத்துப் போடுகிற ரகம். சம்பளமில்லாமல் உழைக்கிறவர்களை இந்த ஆஸ்பத்திரி ஒருமுறைகூட மேடையேற்றிக் கௌரவித்ததில்லையே என்று அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கூட்ட அறையில் விழா ஏற்பாடு செய்தார். முதல் விழாவில், வாசல் பக்கத்துப் பூச்செடிகளைப் பல வருஷமாகக் கவனித்துவந்த தோட்டத்தம்மாவுக்குக் கேடயம். அடுத்ததில், வார்டு வார்டாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்த பத்திரிகைக்காரருக்கு. ரெண்டு பேரும் வயதானவர்கள். "இவ்வளவு செஞ்சுட்டீங்க, இனிமே நீங்க ஓய்வெடுக்கணும், மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார்கள். செடிகளுக்கு ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள், பத்திரிகைக்கு ஒரு அலமாரி வந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் தோட்டத்தம்மா இப்போதும் ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். அதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"இந்தாம்மா, கேட்டுக்க" என்றார் வீட்டுக்கு வந்ததும். "கேடயம் குடுத்தாங்கன்னா ஆள் காலி. இது நல்லா யோசிச்சுக் கண்டுபுடிச்ச விஷயம். எனக்கும் ஒருதடவ குடுத்தாங்கல்ல."

"ஆமா, பெரிய கண்டுபிடிப்பு" என்றாள் அவள். கோத்த நூலை ஊசியிலிருந்து உருவிவிட்டு மறுபடியும் கோத்தாள்.

அடுத்த கேடயம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதிகாரி அம்மா வார்டு வார்டாக வந்து, "அந்த ரைட்டு ஐயா எங்க? அவர நான் ஒருதடவ பாத்துப் பேசணுமே" என்று தேட ஆரம்பித்தார். கண்டக்டர் வராந்தாவின் இந்த முனையில் அவரைக் கண்டால் அந்த முனையில் மறைவார். துணி வெளுக்கிற அறைக்குள் புகுந்துகொள்வார். சாப்பாட்டு வண்டிக்குப் பின்னால் குந்துவார். ஒருநாள் பிணவறைப் பக்கம்கூடப் போய் நின்றாராம், அந்தப் பக்கம் அந்த அம்மா வர மாட்டார் என்று. வயசான காலத்தில் கண்ணாமூச்சி! அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒளிந்து விளையாடுவது என்றால் சும்மாவா, நிறுத்தம் சொல்வதைக்கூட விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வண்டி தள்ளினார். நர்சுகள் எல்லாம், "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

குட்டு வெளிப்பட்டது தையலம்மாவால்தான். அதுவும் எப்படி!

சர்க்கரைப் பரிசோதனை முடிவை வாங்க அன்றைக்கு அவள் போயிருந்தாள். கண்டக்டர் ஒரு காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார், ரெண்டு பேரும் லிஃப்ட் பக்கம் நின்று எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே அதிகாரி அம்மா. கண்டக்டருக்கு ஓட இடமில்லை. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? நீல மேல்சட்டையைச் சட்டென்று கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். "தள்ளு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

தையலம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஜென்மத்தில் அவள் அந்த வண்டியைத் தொட்டதில்லை. தள்ளினாள், நகரவில்லை. பிரேக் போட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பலம் கொண்ட மட்டும் தள்ளினாள், வண்டி குதித்ததே தவிர உருளவில்லை.

அதிகாரி அம்மா வெளியே வந்தார். "இருங்கம்மா, இருங்க, நான் பாக்கறேன்" என்று குனிந்து பிரேக்கை எடுத்துவிட்டார். "தனியாவா வந்தீங்க? உதவிக்கு ஆள் கூப்பிடலாம்ல? எந்தப் பிரிவுக்குப் போகணும்?"

கேட்டவர் அவ்வளவு அன்பாகக் கேட்டுவிட்டார். கண் பிரிவு என்று சொல்லியிருக்கலாம், பல் என்று சொல்லியிருக்கலாம், வயிறு என்று சொல்லியிருக்கலாம். பல நாளாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்தது எதுவோ அதுதான் வாயில் வந்து விழுந்தது.

"முட்டிங்க. வலது முட்டி. நடக்கவே முடியல, ராத்திரியெல்லாம் தைலம் தேய்க்கிறாரு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்டக்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அதிகாரி அம்மா தானே வண்டியைப் பிடித்துக்கொண்டு எலும்புப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வழியெல்லாம் தையலம்மாவிடம்தான் பேசினார், கண்டக்டரின் தலைக்கு மேலேயே. எலும்பு டாக்டர் அறைக்குள் போனதுதான் தாமதம், டாக்டர் எழுந்தே விட்டார். "அட, ரைட்டு ஐயா! நீங்க எப்ப வண்டில ஏறுனீங்க?"

கண்டக்டர் அசடு வழிந்தார். அதிகாரி அம்மா ஆடிப்போய்விட்டார். "நீங்கதானா அது!"

சிரித்து முடித்த பிறகு டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். பார்த்த பிறகு சிரிக்கவில்லை. "ஐயா, இது ஒருநாள்ல வந்தது இல்ல. இனிமே குனியக் கூடாது, முட்டி போடக் கூடாது, பாரம் தள்ளவே கூடாது. இப்படியே போனா நடக்குறதும் கஷ்டம்" என்றார். அதிகாரி அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ஆஸ்பத்திரிக்காக உங்க காலையே குடுத்துட்டீங்களே. போதும் ஐயா. உங்கள ராஜமரியாதையோட அனுப்பி வைக்கிறோம்" என்றார்.

அனுப்பி வைக்கிறோம்! கண்டக்டர் திருதிருவென்று விழித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. "ஏன்டி வாயத் தொறந்த?" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். மனுஷர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோவமா?" என்றாள்.

"இல்ல."

"டீ போடவா?"

"போடு."

"சக்கர போடவா, வேணாமா?"

"உன் இஷ்டம்."

டீயில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டைக்கு வருகிற ஆள் உன் இஷ்டம் என்கிறார். தையலம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, 'கடவுளே, நானே போய் என் வாயால சொல்லி வச்சுட்டேனே' என்று நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது. விழா வரைக்கும் அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. டி.வி. மறுபடியும் சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது. மகள் வேறு ஊரிலிருந்து ஃபோன் செய்து, "அப்பாவுக்கு விருதாமே! சந்தோஷமா இருக்காரா?" என்று கேட்டாள். "இருக்காரு, இருக்காரு" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள் தையலம்மா.

விழாவன்று கூட்ட அறை நிரம்பிவிட்டது. நர்சுகள், துப்புரவு ஆட்கள், லிஃப்ட்காரர், கட்டோடும் ஊன்றுகோலோடும் வந்த பழைய நோயாளிகள், உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றவர்கள் வேறு. அதிகாரி அம்மா மனசு நிறையப் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம், ஒரு பொய் கிடையாது. கடைசியில் கேடயத்தைக் கையில் கொடுத்து, "இனிமே ஐயா இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தா விருந்தாளியாத்தான் வரணும்" என்றார். கூரை அதிரக் கைதட்டல். ஆஸ்பத்திரிக்கு விருந்தாளியாக யாராவது போவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

ஒலிபெருக்கியைக் கண்டக்டரிடம் நீட்டினார்கள். "பேசுங்க ஐயா!" "உங்களுக்கு மைக்கே வேணாமே!" என்று பின்னாலிருந்து குரல்கள். கண்டக்டர் அதை வாங்கி வாய்க்கு நேரே வைத்துக்கொண்டார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஜனம் அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டியது. தையலம்மா மட்டும் அந்த முகத்தைப் பார்த்தாள். பணிமனை மேடையில் பார்த்த அதே முகம்.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் நாலு பேர் முன்னால் நின்று பேசியவளே அல்ல.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றாள். "அவர வீட்டுக்கு அனுப்பாதீங்கம்மா."

அறை முழுக்கச் சிரிப்பு. புருஷன் தொல்லை தாங்காத பெண்டாட்டியின் புலம்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆயுசு முழுக்க அவள் அந்த ஒரு கேலியைத்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"சிரிக்காதீங்க" என்றாள். குரல் உடைந்தது. "நான் வேடிக்கைக்குச் சொல்லல. இதே மாதிரி முன்னாடி ஒருதடவ மேடையேத்தி, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பினாங்க. வந்த மனுஷன் மாசக்கணக்கா பேசல. கேக்கவும் எனக்குப் பயம், மிஷின மிதிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பேன். சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாரு, படுங்கன்னா படுப்பாரு. இவரு இருந்தாரும்மா அப்படி. அந்தக் குரல் திரும்பி வந்தது உங்க வராந்தாவுலதான். நான் என் கண்ணால பாத்தேன். மறுபடியும் அது போச்சுன்னா நான் எங்க போயித் தேடுவேன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. மேடையில் கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாதங்களை அவள் கவனித்தாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. இயந்திரத்தைவிட்டு அவள் நிமிரவே இல்லை என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஆனா அவரு முட்டி..." என்றார் அதிகாரி அம்மா மெதுவாக.

"தள்ள வேணாம். வண்டிய நான் தள்ளறேன். டாக்டர் ஐயா, அவரு கூட நடக்கலாம்ல?"

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொஞ்சம் கொஞ்சமா நடக்குறது நல்லதுதாம்மா. முட்டி போடத்தான் கூடாது."

"முட்டி போட வேணாம். மடக்கு ஸ்டூல் ஒண்ணு வாங்கி, வார் தச்சு வண்டிக்குப் பின்னால மாட்டிடறேன். அதுல உக்காந்துட்டு மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்."

"உங்க தையல் வேலை?"

"மத்தியானத்துக்கு மேல தச்சுக்கறேன். துணிக்கு என்னம்மா அவசரம்?"

அதிகாரி அம்மா மேடையைவிட்டு இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய்வு குடுத்தா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். யாரையும் ஒரு வார்த்த கேக்கல, பாத்தீங்களா" என்றார். தோட்டத்தம்மாவின் வீடு எங்கே இருக்கிறது என்று அப்போதே பக்கத்தில் நின்ற நர்சிடம் விசாரித்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போதும் கண்டக்டர் பேசவில்லை. ஆனால் அது வேறு மாதிரி பேசாமை. தெரு முனை வந்ததும், "இந்தாம்மா" என்று அவள் கையைத் தொட்டார். "சரி சரி, நடங்க" என்றாள் அவள். தொட்ட கையை மட்டும் விடவில்லை.

மறுநாள் காலை ரெண்டு பேரும் போனார்கள். முதல் ஆள், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு டீச்சர். கண்டக்டர் ஸ்டூலை விரித்து எதிரில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகக் கேட்டார், பதில் வாங்கினார், எழுந்தார். "ரைட்!" தையலம்மா தள்ளினாள். போன ஜோரில் வண்டி நேராகக் கதவு நிலையில் போய் இடித்தது.

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "பாத்துத் தள்ளும்மா! ஒடிச்சுத் திருப்பு, ஒடிச்சு! அதென்ன தையல் மிஷினா, நேராவே ஓட்டிட்டுப் போற? பின்னால எடு! பின்னால, பின்னால! ஐயோ, அது முன்னால!"

டீச்சர் அந்தக் குரலுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். தையலம்மாவை அண்ணாந்து பார்த்து, இரக்கத்தோடு கேட்டாள். "உங்க வீட்டுக்காரராம்மா? எப்பவும் இப்படித்தான் கத்துவாரா?"

"கத்தட்டும்மா" என்றாள் தையலம்மா, வண்டியைப் பின்னுக்கு இழுத்தபடி. "கத்தலன்னாத்தான் எனக்குப் பயம்."